பழைய தண்டனை திரும்பி வருமா?

கேள்வி:

ஐயா, நாங்கள் சாம்பல்தீவில் வசிக்கிறோம். அப்பா இல்லை, தம்பியும் நானும் அம்மாவும்தான். தம்பிக்கு இப்போது 24 வயது. 2022ஆம் ஆண்டு, விலைவாசி ஏறிக் கிடந்த நாட்களில், திருகோணமலை நகரில் ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தவன் அங்கிருந்த செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை எடுத்து விற்றுவிட்டான். நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டான். அந்த செப்டம்பரில் 1,500 ரூபாய் தண்டமும் முதலாளிக்கு 10,000 ரூபாய் நட்டஈடும் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். ஆறு மாதம் என்றும் ஐந்து வருடம் என்றும் ஏதோ வாசித்தார்கள். வழக்கு முடிந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தோம்.

இரண்டு மாதத்துக்கு முன், தான் தொழிலுக்குப் போகும் படகின் சொந்தக்காரரான சம்மாட்டியார் மூன்று கிழமைப் பங்குக் காசு தரவில்லை என்ற கோபத்தில், கரையில் மீன்பிடிச் சாமான் வைக்கும் வாடியில் இருந்த படகு இன்ஜினின் காபரேட்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். பொலிஸார் பிடித்தார்கள். ஒன்பது நாள் விளக்கமறியலில் இருந்து பிணையில் வந்திருக்கிறான். ஞாயிறுதோறும் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு ஞாயிறு காய்ச்சலால் போகவில்லை. சம்மாட்டியார் சாமானைத் திரும்பப் பெற்றுவிட்டார், மன்னித்துவிடுகிறேன் என்கிறார். அடுத்த தவணையில் குற்றத்தை ஏற்றுக்கொண்டால் தண்டத்தோடு போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? பழைய வழக்கால் ஏதும் வருமா? கட்டாருக்குப் போகவும் விண்ணப்பித்திருக்கிறான்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் மிகவும் அவசரமானது எதுவோ அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த தவணையில் உங்கள் தம்பி, பழைய வழக்கின் விபரம் தெரிந்த ஒரு சட்டத்தரணி பக்கத்தில் இல்லாமல், "குற்றவாளி" என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது. காரணத்தைக் கீழே விளக்குகிறேன். அது சற்று நீளமாகப் போகலாம். பொறுமையாக வாசியுங்கள், தம்பியையும் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டுங்கள்.

"ஆறு மாதம் என்றும் ஐந்து வருடம் என்றும் ஏதோ வாசித்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில்தான் உங்கள் தம்பியின் இன்றைய நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. உங்கள் கடிதத்திலிருந்து நான் விளங்கிக்கொள்வது, 2022 செப்டம்பரில் நீதவான் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதனை ஐந்து ஆண்டுகளுக்கு ஒத்திவைத்திருக்கிறார் என்பதாகும். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை என்பது தள்ளுபடி செய்யப்பட்ட தண்டனையும் அல்ல, மன்னிப்பும் அல்ல. தண்டனை அன்றைக்கே விதிக்கப்பட்டாயிற்று. குற்றத்தீர்ப்பும் அன்றைக்கே பதியப்பட்டாயிற்று. சிறைக்குப் போவது மட்டுமே, குறித்த காலத்துக்குள் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க வேறொரு குற்றத்தைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் கட்டிய 1,500 ரூபாயும் 10,000 ரூபாயும் அந்தத் தீர்ப்பின் இரண்டு பகுதிகள், அவை தீர்ந்துவிட்டன. மூன்றாவது பகுதி, அதாவது அந்த ஆறு மாதம், 2027 செப்டம்பர் வரை அவர் தலைக்கு மேல் நின்றுகொண்டே இருக்கிறது.

இதை உங்களுடைய அறியாமை என்று நான் சொல்லவில்லை. நீதவான் நீதிமன்றத்தில் காலையில் வழக்குகள் அழைக்கப்படும் வேகத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரியும். எதிரிக் கூண்டில் (எதிரி என்பது குற்றம் சாட்டப்பட்டவர்) நிற்கும் பையனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது; கைகள் கூண்டின் கம்பியைப் பிடித்திருக்கின்றன; பின்வரிசையில் தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். குற்றப்பத்திரம் வாசிக்கப்படுகிறது. "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்கப்படுகிறது; சுற்றவாளி என்றால் குற்றமற்றவர். தண்டனையை வாசிக்கும்போது நீதவான் நிபந்தனையையும் விளக்கிச் சொல்கிறார். அந்தப் பையனின் காதிலும் தாயின் காதிலும் விழுவது "இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்ற பொருள் மட்டுமே. பிறகு தண்டப்பணம் கட்டும் யன்னலுக்கு ஓடுகிறார்கள், பற்றுச்சீட்டை வாங்குகிறார்கள், அந்தப் பற்றுச்சீட்டே வழக்கின் முடிவு என்று நம்புகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நீதிமன்ற வாசலில் நிற்கிறேன். இந்த நம்பிக்கையால் சிறைக்குப் போன இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் தாங்குவதில்லை.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத சிறைத்தண்டனையை ஒத்திவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1999ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் திருத்தம் இந்தப் பிரிவை விரிவாக்கியது. குற்றத்தின் பாரதூரம், குற்றம் செய்தவரின் முன்னைய நடத்தை, பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த இழப்பு, குற்றத்தை ஏற்று உண்மையாக மனம் வருந்துகிறாரா என்பது போன்றவற்றை நீதவான் கருத்திற்கொண்டு, காரணத்தை எழுத்தில் பதிந்து, தண்டனையை முழுவதுமாகவோ பகுதியாகவோ ஒத்திவைக்கலாம். முதற் குற்றம், இளம் வயது, கட்டிய நட்டஈடு ஆகிய மூன்றும் 2022இல் உங்கள் தம்பிக்குத் துணை நின்றிருக்கின்றன. அந்த மூன்றில் முதலாவது இப்போது அவரிடம் இல்லை.

நிபந்தனை மீறப்பட்டால் என்ன நடக்கும்? ஒத்திவைப்புக் காலத்துக்குள் செய்த, சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் ஒன்றுக்காக அவர் குற்றவாளியாகக் காணப்பட்டால், பழைய ஆறு மாதத்தையும் அனுபவிக்குமாறு கட்டளையிடும் நிலைமை எழுகிறது. இதில் மக்கள் தவறாக விளங்கிக்கொள்ளும் இடங்கள் பல இருக்கின்றன.

ஒன்று, இரண்டாவது குற்றமும் திருட்டாக இருந்தால்தான் பழையது திரும்பும் என்ற எண்ணம். அப்படியல்ல. கோயில் திருவிழாவில் நடந்த கைகலப்பில் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தியதும், சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததும், கசிப்பு விற்றதும் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களே. அடுத்தது, புதிய வழக்கில் வெறும் தண்டப்பணம்தானே விதித்தார்கள், சிறை விதிக்கவில்லையே என்ற வாதம். நீதவான் உண்மையில் என்ன விதித்தார் என்பது கணக்கில்லை; அந்தக் குற்றத்துக்குச் சிறை விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்பதே கணக்கு. "ஏற்றுக்கொண்டால் தண்டத்தோடு போய்விடும்" என்று உங்களுக்குச் சொல்பவர்கள் மறந்துவிடும் இடம் இதுதான், சகோதரி. புதிய வழக்கு தண்டத்தோடு போகலாம். அந்தத் தண்டத்தைக் கட்டிய கையோடு பழைய ஆறு மாதம் எழுந்து வரலாம்.

வழக்கை எப்படியாவது 2027 செப்டம்பர் தாண்டும்வரை இழுத்துவிட்டால் தப்பிவிடலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். குற்றம் எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்பதையே சட்டம் பார்க்கிறது. தீர்ப்பு எந்தத் தேதியில் வந்தது என்பதை அல்ல. அதேபோல, பழைய வழக்கு திருகோணமலையிலும் புதிய வழக்கு மூதூரிலும் இருந்தால் ஒன்றையொன்று தொடாது என்பதும் பிழையான நம்பிக்கை. தண்டனை விதிப்பதற்கு முன்னர் எதிரியின் கைவிரல் அடையாள அறிக்கையைப் பெற்று, முற்குற்றங்கள் உண்டா என்று பார்க்கும் வழக்கம் நமது நீதிமன்றங்களில் இருக்கிறது. ஆகையால் பழைய வழக்கை உங்கள் சட்டத்தரணியிடம் மறைப்பதால் எந்த நன்மையும் இல்லை. அவருக்கு அது எதிர்த்தரப்பின் வாயிலிருந்து, திறந்த நீதிமன்றத்தில், முதன்முதலாகத் தெரியவந்தால் உங்கள் தம்பிக்காகப் பேச அவரிடம் எந்த ஆயத்தமும் இருக்காது.

அதேவேளை, உங்களுக்கு ஆறுதல் தரும் ஒரு விடயமும் இதற்குள் இருக்கிறது. முறைப்பாடு செய்யப்பட்டதாலோ, கைது செய்யப்பட்டதாலோ, ஒன்பது நாள் விளக்கமறியலில் இருந்ததாலோ பழைய தண்டனை உயிர் பெறுவதில்லை. அதற்கு ஒரு குற்றத்தீர்ப்பு வேண்டும். உங்கள் தம்பி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அதனால்தான் அடுத்த தவணைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுத்து எழுதுகிறேன்.

இப்போது புதிய வழக்கைப் பார்ப்போம். தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இருந்து வருகிறது. அதன் 366ஆம் பிரிவின்படி, ஒருவருடைய உடைமையில் இருக்கும் அசையும் பொருளை, அவருடைய சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதற்காக நகர்த்துவதே திருட்டு. சாதாரணத் திருட்டுக்கு 367ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மனிதர் வசிக்கும் கட்டடத்திலிருந்தோ, பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலிருந்தோ எடுத்தால் அது 369ஆம் பிரிவுக்குள் போய் ஏழு ஆண்டுகள் வரை ஏறுகிறது. வேலைக்காரர் தன் எசமானின் பொருளை எடுத்தால் 370ஆம் பிரிவு; அதற்கும் ஏழு ஆண்டுகள் வரை. கிடுகு வேய்ந்து, தகரக் கதவில் பூட்டுப் போட்ட ஒரு வாடியை நீங்களும் நானும் வாடி என்போம். அதற்குள் வலையும் இன்ஜினும் மண்ணெண்ணெய்க் கானும் பூட்டி வைக்கப்பட்டிருப்பதால், பொருள் பாதுகாக்கும் கட்டடம் என்று வழக்குத் தொடுநர் சொல்ல முடியும். எனவே குற்றப்பத்திரத்தில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்தப் பிரிவின் இலக்கம் தெரியாமல் எந்தச் சட்டத்தரணியும் உங்களுக்குச் சரியான ஆலோசனை தர முடியாது.

ஏழு ஆண்டு என்ற சொல்லைக் கண்டு அம்மா கலங்க வேண்டாம். நீதவான் நீதிமன்றத்தின் சாதாரண அதிகாரம் ஒரு குற்றத்துக்கு இரண்டு ஆண்டுச் சிறை வரையானது. காபரேட்டர் ஒன்று, அதுவும் திரும்பக் கொடுக்கப்பட்டிருக்கும்போது, அந்த எல்லையைக்கூட நெருங்கும் என்று நான் நினைக்கவில்லை. (இதை ஒட்டி ஒரு வார்த்தை, இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக: எடுத்த பொருள் அரச சொத்தாக இருந்தால் கதை வேறு. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க பொதுச் சொத்துக்கள் மீதான குற்றங்கள் பற்றிய சட்டத்தில் ஆகக் குறைந்தது ஓராண்டு, ஆகக் கூடியது இருபது ஆண்டு என்று சிறை வரையறுக்கப்பட்டிருக்கிறது; பொருளின் பெறுமதியின் மூன்று மடங்கு வரையான தண்டமும் சேரலாம். சட்டமே ஆகக் குறைந்த கட்டாயச் சிறையை விதிக்கும் குற்றங்களுக்கு 303ஆம் பிரிவின் ஒத்திவைப்புக் கிடைக்காது. தூணிலிருந்து மின்கம்பியோ தொலைபேசிக் கம்பியோ வெட்டி விற்பதைச் சில்லறைத் திருட்டு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பெரியவர்கள் சொல்லி வைக்க வேண்டும்.)

பங்குக் காசு தராத கோபத்தில் எடுத்தான் என்கிறீர்கள். மூன்று கிழமை கடலுக்குப் போய்வந்தவனுக்குப் பங்கு கொடுக்காதது அநியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும், காசு தரவேண்டியவரின் பொருளை எடுத்து வைத்துக்கொண்டு காசைக் கேட்கும் உரிமையைச் சட்டம் யாருக்கும் தரவில்லை. காசு கிடைத்ததும் திருப்பிக் கொடுக்கவே எடுத்தேன் என்பதும் தனியே ஒரு பதிலாகாது. ஒருவரின் பொருளை எடுத்து, அதைத் திருப்பித் தருவதற்குக் காசு கேட்கும் எண்ணத்தோடு வைத்திருப்பதும் திருட்டே என்பதைச் சட்டக்கோவையே உதாரணத்தோடு காட்டுகிறது. இருந்தும், நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்பது இந்தக் குற்றத்தின் உயிர்நாடி. எடுத்ததை விற்றாரா, விற்க முயன்றாரா, எடுத்த அன்றே சம்மாட்டியாருக்குச் சொன்னாரா, பங்குக் காசு பாக்கி என்பதற்கு உடன் தொழிலாளர்கள் சாட்சி சொல்வார்களா என்பவற்றை உங்கள் சட்டத்தரணி ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இது விடுதலை பெற்றுத் தரும் பலமான எதிர்வாதம் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். தண்டனை பற்றிய கட்டத்தில் இது நிச்சயமாக எடுபடும்; 2022இல் எடுத்து விற்றதற்கும் இப்போது எடுத்து வைத்திருந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நீதவானிடம் காட்ட இதுவே வழி.

"பொலிஸில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான், இனி என்ன செய்ய முடியும்?" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருக்கலாம். பொலிஸ் அலுவலர் ஒருவருக்குச் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆயினும் அவர் சொன்னதை வைத்துப் பொலிஸார் பொருளைக் கண்டெடுத்திருந்தால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புபட்ட பகுதியை 27ஆம் பிரிவின் கீழ் முன்வைக்கலாம். காபரேட்டர் உங்கள் வளவிலிருந்து எடுக்கப்பட்டதா, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள், தம்பி கையெழுத்து வைத்த வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தது, அவருக்கு அது வாசித்துக் காட்டப்பட்டதா என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்கு முன் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதன் கீழ் கையெழுத்து வைத்தவர்கள் நமது மாவட்டத்தில் ஏராளம்.

சுற்றவாளி என்று சொல்வது பொய் சொல்வதாகாதா என்று மனசாட்சியுள்ள சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நீங்களும் அப்படி நினைக்கக்கூடும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் தம்பி செய்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். சுற்றவாளி என்று சொல்வதன் பொருள், என் மீது சுமத்தியதை வழக்குத் தொடுநர் நிரூபிக்கட்டும் என்பதுதான். அதைக் கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பின்னர் சான்றுகளைப் பார்த்து, சட்டத்தரணியோடு ஆலோசித்து, ஏற்றுக்கொள்வதே நல்லது என்ற முடிவுக்கு வந்தால் அப்போது ஏற்றுக்கொள்ளலாம். உண்மையான மனவருத்தத்தோடு ஏற்றுக்கொள்வதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாகச் சட்டமே கருதுகிறது. மாறாக, முதல் நாளே நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்டவருக்கு மேன்முறையீட்டு வழி மிகவும் சுருங்கிவிடுகிறது. வழக்கு விசாரணையின் பின் குற்றவாளியாகக் காணப்படுபவர் 14 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய முடியும். ஏற்றுக்கொண்டவருக்குப் பெரும்பாலும் சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தால் மட்டுமே கதவு திறக்கும்.

ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும் சட்டத்தரணி கேட்கக்கூடியவை இருக்கின்றன. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது என்று கருதினாலும், எதிரியின் வயது, உடல்நிலை, குற்றத்தின் சிறுமை, நெருக்கடியான சூழ்நிலை ஆகியவற்றைக் கருதிக் குற்றத்தீர்ப்புக்குச் செல்லாமலே அவரை எச்சரித்து விடுவிக்கவோ, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்கு நன்றாக நடப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் நன்னடத்தைப் பிணை முறியில் விடுவிக்கவோ 306ஆம் பிரிவு நீதவானுக்கு இடம் தருகிறது. குற்றத்தீர்ப்பு இல்லையென்றால் பழைய தண்டனைக்கு உயிர் கொடுக்கும் அடிப்படையே இல்லை என்று வாதாடலாம். முற்குற்றம் உள்ளவருக்கு இந்தச் சலுகை இலகுவில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது கிடைக்காவிட்டால், புதிய தண்டனையும் பழையதும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒரே காலத்தில் செல்லும்படி கட்டளையிடுமாறு கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் அந்தப் பேச்சே எழாமல் போய்விடலாம். ஏற்கெனவே சிறைத்தண்டனை அனுபவிக்கும் நிலையிலுள்ள ஒருவருக்குப் புதிய தண்டனையை ஒத்திவைக்க முடியாது என்பதால், எந்தக் கட்டளை முதலில் வருகிறது என்பதும் முக்கியமாகிறது. இவற்றையெல்லாம் கூண்டில் நிற்கும் 24 வயதுப் பையனால் தானாகப் பேச முடியாது.

சம்மாட்டியார் மன்னிக்க முன்வந்திருப்பது பெரிய விடயம். அவருக்கு நன்றி சொல்லுங்கள். ஆயினும் வழக்கைத் தாக்கல் செய்திருப்பவர்கள் பொலிஸார். முறைப்பாட்டாளர் வீட்டு முற்றத்தில் மன்னிப்பதால் மட்டும் வழக்கேடு மூடப்படுவதில்லை. அவர் அடுத்த தவணைக்கு நீதிமன்றத்துக்கு வந்து, பொருள் திரும்பக் கிடைத்ததையும், தனக்கு மேலும் கோரிக்கை இல்லை என்பதையும், முடிந்தால் பங்குக் காசு பாக்கி இருந்ததையும் திறந்த நீதிமன்றத்தில் சொல்வாரானால், அதற்கு நிறை அதிகம். அவரை இதற்காக வற்புறுத்தவோ, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாடிக்குப் போய்ப் பேசவோ வேண்டாம். சாட்சியில் தலையிட்டார் என்று ஒரு முறைப்பாடு எழுந்தால் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் கீழ் பிணை இரத்தாவதற்கு அதுவே போதும். தம்பி போகாமல், நீங்களும் அம்மாவும் மட்டும் போய், மரியாதையாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.

தவறவிட்ட கையெழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை ஒத்திவைக்கப்பட்ட தண்டனையின் நிபந்தனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து பிணையின் நிபந்தனை. அதை மீறினால் பிணை இரத்தாகி மீண்டும் விளக்கமறியலுக்குப் போக நேரலாம், பழைய ஆறு மாதம் அதனால் எழுந்து வராது. ஒரு ஞாயிறு, காய்ச்சல் என்ற காரணத்தோடு தவறியதை நீதவான்கள் பொதுவாகப் பெரிதாக எடுப்பதில்லை. மறைத்ததைத்தான் பெரிதாக எடுப்பார்கள். அன்று வைத்தியசாலைக்குப் போயிருந்தால் சிட்டையை எடுத்து வையுங்கள். அடுத்த நாளே நிலையத்துக்குச் சென்று சொல்லியிருந்தால் மிக நல்லது. சொல்லியிருக்காவிட்டால் இந்த வாரமே சென்று சொல்லட்டும். சட்டத்தரணி ஒரு நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் வேண்டுகோள்) மூலம் இதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், பொலிஸ் அறிக்கையில் அது வேறு விதமாக வருவதற்கு முன் உங்கள் பக்கக் காரணம் வழக்கேட்டில் ஏறிவிடும். இனிமேல் கடலுக்குப் போகும் நாட்களை ஞாயிறு தவிர்த்து ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

கட்டார் விடயத்தில் என்னுடைய கருத்துச் சற்றுக் கடுமையாக இருக்கும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது, நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் வெளிநாடு போனால், தவணைக்குச் சமூகமளிக்காததால் பிடியாணை பிறக்கும். பிணைக்குக் கையெழுத்து வைத்தவர்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பிணையாளிகளில் ஒருவர் உங்கள் மாமாவாகவோ அயலவராகவோதான் இருப்பார். பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் 2022ஆம் ஆண்டின் குற்றத்தீர்ப்பும் நிலுவையிலுள்ள வழக்கும் ஆராயப்படும். முகவர் ஒருவர் காசு கொடுத்தால் "துப்புரவான" சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அது தம்பியை மூன்றாவது வழக்கில் கொண்டுபோய் விடும். விண்ணப்பத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

பங்குக் காசை வசூலிக்கும் வழியையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் கடலுக்குப் போனார், எவ்வளவு பங்கு பேசப்பட்டது, உடன் போனவர்கள் யார் என்ற விபரங்களோடு தொழில் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் விசாரியுங்கள். கூலியா, பங்கா என்பதைப் பொறுத்து அவர்கள் தலையிடக்கூடிய அளவு மாறும். இந்தக் குற்றவியல் வழக்கு முடியும்வரை சம்மாட்டியாரோடு அதைச் சண்டையாக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை.

சட்டத்தரணி வைக்கப் பணமில்லை என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. என்றாலும் அப்பா இல்லாத வீடு என்று எழுதியதிலிருந்து ஊகிக்கிறேன். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கு சட்டத்தரணியை ஒழுங்கு செய்கிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழ் ஒன்றைப் பெற்று, தம்பியின் அடையாள அட்டையோடும் பிணைப் பத்திரத்தோடும் போங்கள். தவணைக்கு முதல் நாள் போனால் வழக்கைப் படிக்க அவர்களுக்கு நேரம் இராது. இந்தக் கடிதம் கண்ட கிழமையிலேயே போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 2022ஆம் ஆண்டு நீங்கள் கட்டிய தண்டப்பணப் பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். அதில் வழக்கிலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தை வைத்து, நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் பழைய வழக்கேட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிக்கு விண்ணப்பியுங்கள். எத்தனை மாதம், எத்தனை ஆண்டுக்கு ஒத்திவைப்பு, எந்தத் தேதியிலிருந்து கணக்கு, எந்தப் பிரிவின் கீழ் குற்றத்தீர்ப்பு என்பதெல்லாம் அந்தப் பிரதியில் எழுத்தில் இருக்கும். நான் இங்கு எழுதியவை அனைத்தும் உங்கள் நினைவில் நிற்கும் "ஆறு மாதம், ஐந்து வருடம்" என்ற இரண்டு சொற்களை நம்பி எழுதியவை. உண்மையில் அது நன்னடத்தைப் பிணை முறியாகவோ, சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்யச் சொல்லும் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையாகவோ இருந்தால், மீறலின் விளைவும் செய்ய வேண்டியதும் மாறிவிடும். பிரதி கைக்கு வரத் தாமதமானாலும் வழக்கிலக்கத்தை மட்டுமாவது ஒரு தாளில் எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுத்துவிடுங்கள். அவர் பதிவாளர் அலுவலகத்தில் ஏட்டைப் பார்வையிட்டுக்கொள்வார்.

அடுத்த தவணையன்று சட்டத்தரணி இன்னும் ஆயத்தமாகவில்லை என்றால், குற்றப்பத்திரம் வாசிக்கப்படும்போது தம்பி, "எனக்குச் சட்டத்தரணி ஒருவரோடு ஆலோசிக்க அவகாசம் வேண்டும்" என்று தமிழிலேயே சொல்லலாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நீதிமன்ற மொழி. நீதவானைப் பார்த்து, மெதுவாக, தெளிவாக அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும். வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.